அனுமதி வாங்கிக்கொண்டு உளவு பார்த்தேன்

நாம் எதுவும் சொல்லாமலே இணையதளங்களும் செயலிகளும் நம்மைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்கின்றன என்று பல வருடமாகப் படித்து வருகிறேன். படிக்கும்போது பயம் வரும், அடுத்த வாரம் மறந்துவிடும். அதனால் இந்த முறை நானே அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தேன். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு வைஃபையில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி, வீட்டில் இருக்கும் நான்கு பேரைப் பற்றியும் ப்ரொஃபைல் தயாரித்தேன். யார் என்ன படித்தார்கள், யாருக்கு என்ன எழுதினார்கள் என்பதெல்லாம் என் கைக்கு வரவில்லை. எந்தக் கருவி, எந்த நேரத்தில், எந்தத் தளத்தின் பெயரைக் கேட்டது என்பது மட்டும்தான் வந்தது. இவ்வளவை வைத்துக்கொண்டு ஓர் ஆளை எழுதிவிட முடியுமா என்பதுதான் சோதனை.

வீட்டில் நான், மனைவி, மாமியார், ஒன்பதாவது படிக்கும் மகன். எல்லோரிடமும் முதலிலேயே கேட்டேன். "என் போன்ல என்ன மாப்ளே இருக்கு, சாமிப் பாட்டும் சீரியலும்தான். நல்லா பாத்துக்குங்க" என்றார் அத்தை. மனைவி இரண்டு நிபந்தனை போட்டாள்: எழுதுவதை எல்லோருக்கும் காட்ட வேண்டும், முடிந்ததும் அழித்துவிட வேண்டும். மகன் கேட்டது ஒன்றே ஒன்று: "எந்த வீடியோன்னு தெரியுமாப்பா?" தெரியாது, தளத்தின் பெயர் மட்டும்தான் என்றதும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

பெட்டி

மேசை இழுப்பறையில் சும்மா கிடந்த ராஸ்பெரி பை 3 என்ற சின்னக் கணினி ஒன்று இருந்தது. எஸ்பி ரோட்டில் ஒரு 32 ஜிபி மெமரி கார்டும், பிளாஸ்டிக் கூடும் வாங்கிக்கொண்டேன். அதில் ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் லைட் பதிப்பைப் போட்டு, மேலே பை-ஹோல் என்ற இலவச மென்பொருளை நிறுவினேன். நிறுவுவதற்கு ஒரே ஒரு கட்டளை வரிதான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பை-ஹோல் என்ன செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு: போன் ஒரு தளத்தைத் திறக்கும் முன், அந்தத் தளத்தின் பெயருக்கு உரிய ஐபி எண் (இணையத்தில் அதன் முகவரி) என்ன என்று டிஎன்எஸ் என்ற பெயர்ப் பதிவேட்டுச் சேவையகத்தைக் கேட்கும். வழக்கமாக இணையச் சேவை தரும் நிறுவனத்தின் சேவையகம் பதில் சொல்லும். இப்போது அந்த இடத்தில் என் பெட்டி உட்காருகிறது. விளம்பர, கண்காணிப்புத் தளங்களின் பட்டியல் அதனிடம் உண்டு. அந்தப் பெயரை யாராவது கேட்டால் 'அப்படி ஒன்று இல்லை' என்கிற மாதிரி வெற்று எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடும். பலரும் இதை விளம்பரத்தைத் தடுக்கத்தான் மாட்டுவார்கள். கேட்ட ஒவ்வொரு பெயரையும் அது எழுதி வைத்துக்கொள்வதால் எனக்குப் பிடித்தது.

நேரத்தைத் தின்றது ரூட்டர். இணைய நிறுவனம் கொடுத்த ரூட்டரில் டிஎன்எஸ் எண்ணை மாற்றும் கட்டம் பூட்டியே இருந்தது. வழி என்னவென்றால், ரூட்டரின் டிஹெச்சிபி சேவையை நிறுத்திவிட்டு, வீட்டுக் கருவிகளுக்கு எண் கொடுக்கும் வேலையையும் பை-ஹோலிடமே ஒப்படைப்பது. அதைச் செய்த பிறகும் பதிவில் பாதிதான் வந்தது. ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வழியாக ரூட்டர் தன் சொந்த டிஎன்எஸ் முகவரியைத் தனியாக அறிவித்துக்கொண்டிருந்தது. போன்கள் இரண்டில் எது வாய்க்கிறதோ அதைக் கேட்டன. வீட்டுப் பக்கத்து ஐபிவி6ஐ அணைத்ததும் சரியாயிற்று. இன்னொன்று, கரண்ட் போய்ப் போய் வருகிற பகுதியில் இருந்தால் ரூட்டருக்கு வைத்திருக்கும் சின்ன யுபிஎஸ்ஸிலேயே இந்தப் பெட்டியையும் சேர்த்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மெமரி கார்டு கெடலாம், பெட்டி நின்றால் வீட்டில் யாருக்கும் இணையம் கிடையாது. அதற்கு வாங்கும் திட்டு தனி.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகும் மகனின் போன் பட்டியலில் வரவே இல்லை. விசாரித்தால், கேம் நடுவே வரும் விளம்பரம் தொல்லை என்று ஆண்ட்ராய்டின் 'பிரைவேட் டிஎன்எஸ்' அமைப்பில் விளம்பரம் தடுக்கும் ஒரு சேவையின் பெயரை எப்போதோ போட்டு வைத்திருக்கிறான். அவனுடைய கேள்விகள் பூட்டிய குழாய் வழியாக நேராக வெளியே போய்க்கொண்டிருந்தன. நான் பெட்டி மாட்டிச் செய்ததை அவன் அரை நிமிடத்தில் செய்திருக்கிறான். சோதனைக்காக எடுத்துவிடச் சொன்னேன்.

பதிவை எப்படிப் படிப்பது

பை-ஹோல் எல்லாவற்றையும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளக் கோப்பு ஒன்றில் வைக்கிறது. ஒவ்வொரு வரியிலும் நேரம், கேட்ட கருவி, கேட்ட பெயர், தடுத்ததா விட்டதா என்ற குறி. மழைக்காலம் முடியும் சமயத்தில் ஆரம்பித்துப் பொங்கல் வரை ஓடவிட்டேன். பிறகு பைத்தானில் ஒரு சின்ன நிரல். ஒவ்வொரு கருவியும் எந்த மணி நேரத்தில் விழித்திருக்கிறது, எந்தப் பெயர்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்ப வருகின்றன என்று கணக்கிட்டுக் கொடுக்கும். தளங்களை வகை பிரித்தது மட்டும் கையால்: செய்தி, வங்கி, மருந்து, படிப்பு, பயணம், பக்தி, விளையாட்டு.

எண்ணிக்கையை நம்ப வேண்டாம். ஒரு பெயரைக் கேட்டு வாங்கிய பதிலைப் போன் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். அதற்குள் நூறு பக்கம் புரட்டினாலும் பதிவில் ஒரு வரிதான். மாறாக, தடுத்த பெயரைச் சில கருவிகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் டிவி அந்த ரகம். 'இன்று இத்தனை சதவீதம் தடுத்தேன்' என்று பை-ஹோல் முகப்பில் பெருமையாகக் காட்டும் எண்ணில் பெரும்பங்கு, கதவு திறக்காததால் திரும்பத் திரும்ப மணியடிக்கிற ஒரே டிவிதான். நேரமும் இடைவெளியும் அப்படி ஏமாற்றுவதில்லை.

நான் எதிர்பார்க்காத ஒரு வரி பெரிய துப்பு கொடுத்தது. ஆண்ட்ராய்டு போன் ஒரு வைஃபையில் சேர்ந்த உடனே, இணையம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு குறிப்பிட்ட கூகுள் முகவரியைத் தொட்டுப் பார்க்கும். மனிதர் தொட்டு நடப்பதல்ல அது. ஆனால் அந்த வரி வந்த நேரம்தான் ஆள் வாசலுக்கு வந்த நேரம். என் போனில் திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் ஏழரைக்கு முன்னும் பின்னுமாக அது விழுந்திருந்தது. ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவில் வந்து இறங்கி நடந்து வரும் நேரம் அது. செவ்வாயும் வியாழனும் வரவே இல்லை: அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை.

நான்கு பேர்

மனைவியின் அலுவலக லேப்டாப் விபிஎன்னில், அதாவது அலுவலகத்துக்கு நேராகப் போகும் மூடிய பாதையில் ஓடுகிறது. காலையில் விபிஎன் சேவையகத்தின் பெயரை ஒருமுறை கேட்கும், அதோடு மாலை வரை அமைதி. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு எழுத்துக்கூட வெளியே வரவில்லை. அந்த அமைதியை வைத்தே வேலை நேரத்தைத் துல்லியமாக எழுத முடிந்தது. மாதக் கடைசியில் அமைதி இரவு பத்தரை வரை நீண்டது. கணக்குத் துறையில் வேலை பார்க்கிறாள் என்று தெரியாத ஒருவர்கூட, மாத முடிவோடு கட்டுண்ட வேலை என்று ஊகித்திருப்பார்.

அத்தையின் போன்தான் வீட்டில் முதலில் எழும். ஐந்து மணிக்கு வீடியோ தளம், ஆறரைக்குத் தமிழ் நாளிதழ் ஒன்றின் தளம், மதியம் ஓடிடி. மகன் தாளில் பெயர் இல்லாமல் அச்சடித்ததைப் பார்த்த மாத்திரத்தில் "பாட்டி" என்றான். சரி, இது சுலபம். ஆனால் இடைவெளிப் பட்டியலில் ஒரு வரி இருந்தது: ஆன்லைன் மருந்துக் கடை ஒன்று ஏறக்குறைய முப்பது நாளுக்கு ஒருமுறை, எப்போதும் அத்தை போனில், சில மாதத்துக்கு ஒருமுறை அதற்கு முந்தைய வாரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றின் தளம். காய்ச்சலுக்கு மருந்து வாங்குகிறவர் மாதம் தவறாமல் வாங்கமாட்டார். நீண்ட நாள் மாத்திரை, அவ்வப்போது பரிசோதனை, வயதானவர் என்று மூன்றையும் சேர்த்தால் சர்க்கரை அல்லது இரத்த அழுத்தம். மாத்திரையின் பெயரை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் வழியில்லை.

"அந்த வரிய மட்டும் எடுத்துடுங்க" என்றாள் மனைவி. "உனக்குத்தான் தெரியுமே, எனக்கும் தெரியும்" என்றேன். "நமக்குத் தெரியறது வேற, தாள்ல இருக்கறது வேறங்க." எடுத்துவிட்டேன். தளங்கள் நம்மைப் பற்றி வைத்திருக்கும் பட்டியலில் அப்படி எடுக்கச் சொல்ல யாரும் பக்கத்தில் இருப்பதில்லை.

நவம்பர் நடுவில் ஒரு காலை வினோதமாக இருந்தது. எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் முன்பு மூன்று கருவிகள் ஒரே சமயத்தில் ஐஆர்சிடிசி பெயரைக் கேட்டிருந்தன. ரயில் முன்பதிவு 60 நாள் முன்னதாகக் காலை எட்டுக்குத் திறக்கும். 2024 நவம்பருக்கு முன்பு 120 நாளாக இருந்தது. அறுபதைக் கூட்டினால் போகிப் பக்கம் வந்து நிற்கிறது. பண்டிகைக்கு ஊர் போகும் குடும்பம். சங்கராந்திக்குக் கிளம்பும் கன்னடக் குடும்பமாகவும் இருக்கலாம். அதே வீட்டில் காலையில் தமிழ் நாளிதழ் திறப்பதால் பொங்கல் என்று எழுதலாம். பெயர், ஊர், மொழி எதையும் யாரும் எங்கேயும் நிரப்பவில்லை. டிக்கெட் அன்றைக்குக் கிடைக்கவில்லை என்பது பதிவில் வராத இன்னொரு உண்மை.

என்னுடைய தாளில் பெரிய தப்பு. நிரல் காட்டிய பட்டியலில் வேலைவாய்ப்புத் தளங்கள் இரண்டு, இரவு பதினொன்றுக்கு மேல், சில வாரம் தொடர்ந்து. படித்த மனைவி நிமிர்ந்து, "வேலைய விடப்போறீங்களா?" என்றாள். கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா மகனுக்கு ரெஸ்யூமே திருத்திக் கொடுத்து, எங்கே போடலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். பதிவுக்கு அது தெரியாது. வெளியே எங்கோ இருக்கும் ஒரு விளம்பர சேவையகத்தில் நான் இந்நேரம் 'வேலை மாறத் துடிப்பவர்' என்ற பெட்டிக்குள் விழுந்திருப்பேன். அதை மறுக்க எனக்கு வாய்ப்பும் இல்லை, மறுக்க வேண்டியது இருக்கிறது என்று தெரிய வழியும் இல்லை.

டிவியின் தாள்தான் வேடிக்கை. ஒரே ஆளாக எடுத்துக்கொண்டால், அவர் விடியற்காலையில் சுப்ரபாதம் கேட்பவர், மாலையில் அனிமே, இரவில் மெகா சீரியல், ஞாயிறன்று முழுநாள் கிரிக்கெட். ப்ரொஃபைல் கருவியோடு ஒட்டிக்கொள்கிறது, மனிதரோடு அல்ல. நடைமுறையில் விளம்பர நிறுவனங்கள் இதையும் ஒரு அளவுக்குப் பிரித்துவிடுகின்றன: நேரம் ஒரு கத்தி, உள்நுழைந்த கணக்கு இன்னொரு கத்தி.

நான் கையால், அசட்டுத்தனமாகச் செய்த இதை 2013 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கணிதத்தால் செய்து காட்டினார்கள். ஏறக்குறைய 58,000 பேர் தாங்களாக முன்வந்து கொடுத்த ஃபேஸ்புக் 'லைக்' பட்டியலை வைத்து, அவர்களுடைய அரசியல் சார்பு, மதம், பாலீர்ப்பு, புகைப்பழக்கம் வரை ஊகித்தார்கள். அமெரிக்காவில் டெமாக்ரட்டா ரிபப்ளிகனா என்பதில் 85 சதவீதம் சரியாக வந்தது. லைக்காவது நாம் விரும்பி அழுத்துவது. நான் வைத்திருந்த வரிகளை யாரும் அழுத்தவில்லை.

பக்கத்துக்குள் என்ன நடக்கிறது

டிஎன்எஸ் பதிவு வாசலில் நிற்பது. வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்க பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸ் போதும். கம்ப்யூட்டரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதிக்குப் போங்கள். ஒரு தமிழ் மருத்துவக் கட்டுரைப் பக்கத்தைத் திறந்து, பதிவு அழியாமல் இருக்கும் வசதியைப் போட்டு, கடைசி வரை படித்து முடித்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேமித்தேன். கட்டுரை ஒரு கோப்பு. அதற்காகக் கிளம்பிய கோரிக்கைகள் நூற்றுக்கு மேல்.

தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் அனுப்பும் வரிகளைப் பொறுமையாகப் பிரித்தால் எல்லாம் புரியும்படியே இருக்கிறது. பக்கத்தின் முகவரி, பக்கத்தின் தலைப்பு, திரையின் அளவு, பிரவுசரின் மொழி, இது எத்தனையாவது வருகை, பக்கம் எத்தனை மில்லிவிநாடி கண்முன் இருந்தது. பக்கத்தின் 90 சதவீத ஆழம் வரை உருட்டினால் அதற்குத் தனியாக ஒரு செய்தி போகிறது. தலைப்பு தமிழில் இருந்தால், ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டாகி, சதவீதக் குறிகளால் ஆன நீண்ட வாலாகத் தெரியும். பார்க்கக் கிறுக்கல் மாதிரி இருந்தாலும் மாற்றிப் படித்தால் 'தைராய்டு அறிகுறிகள்' என்று அப்படியே நிற்கிறது.

அது நம் பிரவுசரில் வைக்கும் குக்கீ என்ற குறிப்பில் ஒரு சின்னப் புதையல் உண்டு. கடைசியில் புள்ளிக்குப் பின்னால் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகள் அது. இந்தத் தளத்துக்கு இந்தப் பிரவுசரில் நீங்கள் முதன்முதலில் வந்த நொடி. ஒரு சமையல் குறிப்புத் தளத்தில் அதை மாற்றிப் பார்த்தேன். போன வருடம் ஆவணி மாதத்து ஞாயிறு, காலை பதினொன்று. நான் மறந்துபோனதை அது மறக்கவில்லை. இந்தக் குக்கீ இரண்டு வருடம் இருக்கும்.

குக்கீயை 1994 இல் நெட்ஸ்கேப்பில் லூ மோன்டுல்லி கொண்டுவந்தபோது நோக்கம், ஒரு தளம் தன்னிடம் வந்தவரை அடுத்த பக்கத்திலும் அடையாளம் கண்டுகொள்வது மட்டுமே. பக்கத்துக்குள் வேறு நிறுவனத்தின் படமோ நிரலோ இருந்தால் அதுவும் தன் குக்கீயை வைக்கலாம் என்பதில்தான் எல்லாம் மாறியது. அதே நிறுவனம் ஆயிரம் தளங்களில் இருந்தால், ஆயிரம் தளங்களிலும் அதே ஆள். ஃபயர்ஃபாக்ஸ் 2019 முதல் தெரிந்த கண்காணிப்பாளர்களின் குக்கீகளை இயல்பாகவே தடுக்கிறது. சஃபாரி 2020 மார்ச்சில் வெளியாள் குக்கீ முழுவதையும் மூடியது. குரோமிலும் எடுத்துவிடுவோம் என்று கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்து, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அதனால் இந்தச் சோதனையைக் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் பக்கத்தில் பக்கத்தில் செய்து பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

குரோமில் இன்னொரு காட்சி. ஒரு விளம்பர நிறுவனத்தின் கோரிக்கை, வந்த வேகத்தில் அடுத்த நிறுவனத்துக்குத் திருப்பிவிடப்படுகிறது, அங்கிருந்து மூன்றாவதுக்கு. முகவரியின் வாலில் ஓர் அடையாள எண் ஒட்டிக்கொண்டே போகிறது. 'என்னிடம் இவர் இந்த எண், உன்னிடம் என்ன எண்?' என்று இரண்டு நிறுவனங்கள் தங்கள் பேரேடுகளை ஒப்பிட்டுக்கொள்வது இது. இந்த ஒப்பீடு முடிந்திருந்தால்தான், பக்கம் திறக்கும் நொடியில் நடக்கும் விளம்பர ஏலத்தில் ஏலம் கேட்பவருக்கு நாம் யார் என்று தெரியும். ஏலம் முடிய பொதுவாகச் சில நூறு மில்லிவிநாடிக்கு மேல் ஆவதில்லை. தோற்றவர்களுக்கும் கேட்பு விவரம் போய்ச் சேர்ந்துவிடுகிறது: எந்தப் பக்கம், எந்தக் கருவி, தோராயமாக எந்த இடம்.

அறுபத்து நான்கு எழுத்து

இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மின்னஞ்சல் முகவரியை 'ஹாஷ் செய்துதான்' பகிர்கிறோம், அதனால் உங்கள் அடையாளம் போகாது என்று பல தளங்களின் கொள்கைப் பக்கத்தில் எழுதியிருக்கும். ஷா-256 என்ற கணக்குக்குள் முகவரியைப் போட்டால் 64 எழுத்துள்ள ஒரு சரம் வரும். அதிலிருந்து முகவரிக்குத் திரும்ப முடியாது என்பது உண்மை. ஒரே முகவரிக்கு உலகம் முழுவதும் ஒரே சரம்தான் வரும் என்பதும் உண்மை.

பைத்தானில் என் முகவரியைச் சின்ன எழுத்தாக்கி, இடைவெளி நீக்கி, ஹாஷ் எடுத்தேன். பிறகு ஒரு துணிக் கடைத் தளத்திலும் ஒரு பயணத் தளத்திலும் உள்நுழைந்து, சேமித்த நெட்வொர்க் கோப்புகளில் அந்த 64 எழுத்தைத் தேடினேன். இரண்டிலும் இருந்தது, எழுத்துக்கு எழுத்து அதே. இரண்டுமே ஒரே விளம்பர நிறுவனத்துக்குப் போயிருந்தன. குக்கீயை அழித்தாலும், பிரவுசரை மாற்றினாலும், புது லேப்டாப் வாங்கினாலும் அந்தச் சரம் மாறாது.

கைபேசி எண்ணுக்கு இது இன்னும் மோசம். இந்தியக் கைபேசி எண் 6, 7, 8, 9 இல் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தமே 400 கோடி வாய்ப்பு. திரும்ப வர முடியாது என்றால் என்ன, எல்லா எண்ணையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டால் போயிற்று. முன்னால் 91 சேர்த்து என் எண்ணின் ஹாஷைக் கொடுத்து, பழைய லேப்டாப்பில் நிரலை ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் திரையில் என் எண். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருப்பவர்களுக்கு இது சில விநாடி வேலை.

ஜிமெயிலில் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறியும் கடையின் பெயரும் சேர்த்துப் பதிவு செய்தால் கடைக்குக் கடை ஹாஷ் மாறும் என்று ஒரு பழைய உபாயம் உண்டு. பல இடத்தில் பலிக்கிறது. சில விளம்பரக் கூட்டமைப்புகள் கூட்டல் குறிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டுத்தான் ஹாஷ் எடுக்கின்றன என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் வைத்திருந்தால் தனித்துத் தெரிவோம்

குக்கீயும் இல்லை, உள்நுழையவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் சின்னச் சின்ன விவரங்களே போதும். மின்னணு எல்லை அறக்கட்டளை, அதாவது இஎஃப்எஃப், 2010 இல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய 4.7 லட்சம் பிரவுசர்களைப் பார்த்தது. அவற்றில் 83.6 சதவீதம் மற்ற எதனோடும் ஒத்துப்போகாமல் தனித்திருந்தன. இந்த விவரங்கள் சேர்ந்த பிரவுசரின் 'கைரேகை'யில் குறைந்தது 18.1 பிட் தகவல் (ஒரு பிட் என்பது ஓர் ஆம்-இல்லை கேள்விக்கான பதில்) இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். 33 பிட் இருந்தால் உலகில் ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்துவிடலாம். இப்போது அந்தச் சோதனை 'கவர் யுவர் ட்ராக்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது, யாரும் செய்து பார்க்கலாம்.

என் பிரவுசரில் மொழி வரிசை தமிழ், ஆங்கிலம், கன்னடம். சோதனை முடிவில், திரையளவைக் காட்டிலும் இந்த மொழி வரிசைதான் என்னை அதிகம் காட்டிக்கொடுத்தது. அங்கே சோதிக்க வருபவை பெரும்பாலும் ஆங்கிலம் மட்டும் வைத்த பிரவுசர்களாக இருக்கும் என்பதால் எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படிக்க வேண்டும். ஆனாலும் பெங்களூரு ஐபி, முதல் மொழி தமிழ், மூன்றாம் மொழி கன்னடம் என்று ஒரு பிரவுசர் வந்தால் கூட்டம் சட்டென்று சுருங்கிவிடும். போனைத் தமிழில் வைத்திருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிற ஆள் நான். அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. விலை என்ன என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

இதில் கேன்வாஸ் முறைதான் தந்திரமானது. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் எழுத்தை வரையச் சொல்லி, வந்த படத்தின் புள்ளிகளைப் படிப்பார்கள். கிராஃபிக்ஸ் சிப், எழுத்துரு, மென்பொருள் பதிப்பு ஆகியவற்றைப் பொறுத்து அந்தப் புள்ளிகள் நூலிழை மாறும். 2014 இல் பிரின்ஸ்டன், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிகம் பார்க்கப்படும் ஒரு லட்சம் தளங்களைத் தேடியபோது, 5 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் இது இருந்தது.

தடுத்ததும் தடுக்க முடியாததும்

பை-ஹோலால் கைரேகையைத் தடுக்க முடியாது, ஹாஷையும் தடுக்க முடியாது. வெளிநிறுவனத்தின் பெயர் தனியாகத் தெரிந்தால்தான் அது பாயும். இதைத் தெரிந்துகொண்டே சில தளங்கள் கண்காணிப்பு சேவையகத்துக்குத் தங்கள் சொந்தப் பெயரின் கீழ் ஒரு கிளைப்பெயர் கொடுத்து உள்ளே இழுத்துவிடுகின்றன. பை-ஹோல் 2020 இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல் அந்தக் கிளைப்பெயர் கடைசியில் எங்கே போய் முடிகிறது என்று பார்த்துத் தடுக்கிறது. தளத்தின் சேவையகமே தகவலைச் சேர்த்து, பின்வாசல் வழியாக விளம்பர நிறுவனத்துக்கு அனுப்பினால் நம் வீட்டில் எந்தப் பெட்டியும் அதைப் பார்க்காது.

செய்த மாற்றங்கள் குறைவுதான். கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் ஃபயர்ஃபாக்ஸும், அதில் விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சியும். கடைகளுக்குத் தனி மின்னஞ்சல். போன்களில் விளம்பர அடையாள எண்ணை அழித்தாயிற்று. ஆண்ட்ராய்டில் பிரைவசி பகுதியில் அதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. விளம்பர நிறுவனங்கள் சில, நம்மைப் பற்றிய தங்கள் ஊகத்தை நமக்கே காட்டும் பக்கம் வைத்திருக்கின்றன, கூகுள் 2022 இல் கொண்டுவந்த மை ஆட் சென்டர் மாதிரி. அப்படி ஒரு பக்கத்தில், குழந்தை வளர்ப்புப் பகுதியில் எனக்குக் கைக்குழந்தை இருப்பதாக எழுதியிருந்தது. போன மாதம் தங்கை பிரசவத்துக்குத் தொட்டில் தேடியது நான்தான். திருத்தாமல் விட்டுவிட்டேன். தப்பாக இருப்பதில் ஒரு நிம்மதி.

மகன் விஷயத்தில் அப்படி விட மனமில்லை. அவன் வகுப்புக்குப் பயன்படுத்தும் ஒரு செயலி, திறந்த உடனே, பயனர் நடத்தையை அளக்கும் மூன்று நிறுவனங்களின் பெயரைக் கேட்கிறது. 2023 ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவர் குழந்தை. அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது, அரசு விதிகளில் சொல்லும் சில விலக்குகள் நீங்கலாக. கல்வி நிறுவனங்களுக்கு அத்தகைய விலக்கு ஓரளவு உண்டு. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். எந்தெந்த நிறுவனம், எதற்காக என்று இரண்டே கேள்வி.

டிவி மட்டும் அடங்கவில்லை. சில பெயர்களுக்கு என் பெட்டியைக் கேட்காமல், தன்னுள்ளேயே எழுதி வைத்திருக்கும் பொது டிஎன்எஸ் எண்ணை நேராகக் கேட்கிறது. திரையில் ஓடுவதை அடையாளம் காணும் வசதி இப்படிப்பட்ட டிவிகளில் உண்டு. அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் விநாடிக்கு விநாடி பார்வைத் தகவல் சேகரித்ததாக எழுந்த வழக்கில், 2017 இல் 22 லட்சம் டாலர் கட்டியது. எங்கள் டிவியின் அமைப்புகளில் 'பார்வைத் தகவல்' என்ற பெயரில் ஒளிந்திருந்த அதை அணைத்தேன். நேராக வெளியே போகும் கேள்விகளைப் பிடிக்க, ரூட்டருக்குப் பின்னால் இன்னொரு நல்ல ரூட்டர் வைத்து, 53ஆம் போர்ட்டில், அதாவது டிஎன்எஸ் கேள்விகளுக்கான வாசலில் போகும் எல்லாவற்றையும் பை-ஹோல் பக்கம் திருப்ப வேண்டும். பழைய ரூட்டர் ஒன்றில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருளைப் போட்டுப் பார்க்கிறேன், அடுத்த பதிவில் எழுதுகிறேன்.

பொங்கல் முடிந்து வந்ததும் மனைவியின் இரண்டாவது நிபந்தனையை நிறைவேற்றினேன். பதிவுக் கோப்பை அழித்து, பை-ஹோலின் பிரைவசி அமைப்பை எதையும் எழுதி வைக்காத நிலைக்கு மாற்றிவிட்டேன். தடுக்கும் வேலை அப்படியே நடக்கிறது. இதை வீட்டில் மாட்ட நினைப்பவர்கள் அந்த அமைப்பை முதல் நாளே பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்பது உங்கள் இழுப்பறைப் பெட்டியில் மாதக்கணக்கில் சேரும், வீட்டில் யாருக்கும் தெரியாமல்.